வெளுக்கும் விரல்களும் ஆறாத புண்ணும்

கேள்வி: எனக்கு 39 வயது. மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறேன். இரண்டு வருடமாக மார்கழி பிறந்தால் காலையில் இரண்டு கை விரல்களும் வெளுத்து மரத்துப்போகின்றன. கொஞ்ச நேரத்தில் நீலம் பாய்ந்து, அப்புறம் சிவந்து எரிகிறது. இப்போது சித்திரை வெயிலிலும் ஃபிரிட்ஜுக்குள் கையை விட்டால் அதே கதைதான். விரல்கள் உப்பிப்போய், கல்யாண மோதிரத்தை ஆசாரியிடம் கொடுத்து வெட்டி எடுத்தேன். வலது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு மாதமாக ஒரு புண். நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழம் சொருகினேன், ஆறவில்லை. பக்கத்து டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டார். சர்க்கரை இல்லை, ரத்தம் 9.6 இருக்கிறதாம். ஏஎன்ஏ என்று ஒரு டெஸ்ட் எடுத்து பாசிட்டிவ் என்றார்கள், விவரம் சொல்லவில்லை. நெஞ்செரிச்சலுக்கு கேஸ் மாத்திரை போடுகிறேன். ஒற்றைத் தலைவலிக்கு தினமும் ப்ராப்ரனலால் 40, வலி தாங்காவிட்டால் மெடிக்கலில் கேட்டு இன்னொரு மாத்திரை. மாமியார் வாதம் என்கிறார். விரலை எடுக்க வேண்டி வருமா? கடையை மூடிவிடலாமா? என் வீட்டுக்காரருக்கும் பவர் டில்லர் ஓட்டிவிட்டு வந்தால் விரல் மரத்துப்போகிறது. இது ஒட்டுவாரொட்டியா?

பதில்: சகோதரிக்கு, மற்றதெல்லாம் அப்புறம். வலி தாங்காதபோது மெடிக்கலில் வாங்கிப் போடுகிற மாத்திரையின் அட்டையை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்தான் இருக்கும், பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். எர்கோடமின் என்ற பெயர் அதில் இருந்தால் இன்றோடு அதை நிறுத்திவிட வேண்டும். ஒற்றைத் தலைவலிக்கென்று சீட்டு இல்லாமலே கிடைக்கிற கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமாலோடும் கஃபீனோடும் இது கலந்திருக்கும். ரத்தக் குழாயை இறுக்குவதுதான் இதன் வேலை. தலையில் இறுக்கும்போது வலி குறைகிறது, அதே நேரத்தில் விரலிலும் இறுக்குகிறது. ரை என்ற தானியத்தின் கதிரில் வளரும் ஒரு பூஞ்சையிலிருந்து வந்த மருந்து இது. இடைக்கால ஐரோப்பாவில் அந்தப் பூஞ்சை பிடித்த தானியத்தில் செய்த ரொட்டியைத் தின்றவர்களுக்குக் கை கால் விரல்கள் கறுத்து உதிர்ந்தன. ஏற்கெனவே ரத்தம் போகத் திணறும் விரலில் புண்ணோடு இருக்கிற நீங்கள் இதைத் தொடவே கூடாது.

தினமும் போடும் ப்ராப்ரனலாலும் விரலுக்கு நல்லதல்ல. தலைவலியைத் தடுக்க அது நல்ல மருந்துதான், கொடுத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். விரல் வெளுப்பதை நீங்கள் அவரிடம் சொல்லியிருக்கவும் மாட்டீர்கள். ஆனால் இதை எர்கோடமின் போல ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. சட்டென்று விட்டால் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறலாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய் விரலைக் காட்டி, படிப்படியாகக் குறைத்து வேறு மாத்திரைக்கு மாற்றித் தரக் கேளுங்கள். மாற்று நிறைய இருக்கிறது. மூக்கடைப்புக்கு வாங்கும் ஜலதோஷ மாத்திரைகளிலும் குழாயை இறுக்கும் சரக்கு உண்டு, அவற்றையும் தவிர்க்கவும்.

இனி நோய்க்கு வருவோம். நீங்கள் எழுதியிருக்கும் வரிசை, வெள்ளை, நீலம், சிவப்பு, ரேனாட் என்று மருத்துவர்கள் சொல்வதன் இலக்கணம். 1862இல் மோரிஸ் ரேனாட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்து எழுதினார். கடைமடை விவசாயம் தெரிந்த உங்களுக்கு இதை விளக்குவது எளிது: மேலே ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தாலும் மதகை இறக்கிவிட்டால் கடைமடை வயல் காய்கிறது. குளிர் பட்டதும் விரலுக்குப் போகும் சின்ன தமனிகள் கொஞ்சம் சுருங்குவது எல்லா உடம்பிலும் நடப்பதுதான். ரேனாட் உள்ளவர்களுக்கு அவை அடியோடு மூடிக்கொள்கின்றன. ரத்தம் வராததால் வெள்ளை. தேங்கிய ரத்தத்தில் பிராணவாயு தீர்ந்ததும் நீலம். குழாய் திறந்து ரத்தம் பாய்ந்ததும் சிவப்பு, எரிச்சல். மனக்கலக்கமும் இதைக் கிளப்பும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட நம் தோலில் விரலின் மேல்பக்கம் இந்த நிறமாற்றம் சரியாகத் தெரியாது. உள்ளங்கைப் பக்கத்தையும் நகத்தையும் பார்க்க வேண்டும். அடுத்த முறை வரும்போது செல்போனில் கையைத் திருப்பி வைத்து இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் முறை வரும்போது விரல்கள் சாதாரணமாக இருக்கும், டாக்டர் நம்ப வேண்டுமே. படத்துக்காக ஐஸில் கையை முக்கி வரவழைக்க வேண்டாம். அது தேவையில்லை, புண் உள்ள விரலுக்குக் கெடுதல்.

'நம்ம ஊர் வெயிலில் குளிர் நோயா?' என்று சிலர் சிரிப்பார்கள். எவ்வளவு குளிர் என்பதைவிட எவ்வளவு சட்டென்று குளிர்கிறது என்பதுதான் கணக்கு. மார்கழி விடியலில் போர் தண்ணீர் வெதுவெதுப்பாகவே வரும். மேல்தொட்டியில் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீர்தான் விரலைப் பிடிக்கும். ஏசி பஸ், ஃபிரிட்ஜ், ஐஸ் போட்ட மீன், எல்லாம் அப்படித்தான். நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீனை ஐஸில் அடுக்கும் பெண்களுக்குக் குளிர்காலம் என்று தனியாக ஒன்று தேவையே இல்லை.

நூற்றில் மூன்று முதல் ஐந்து பேருக்கு ரேனாட் இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன, அதில் பெண்கள் அதிகம். பெரும்பாலோருக்குப் பின்னால் வேறு நோய் எதுவும் இராது. இளவயதிலேயே, சாதாரணமாக 30க்குள், தொடங்கும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும். புண் வராது. ரத்தப் பரிசோதனைகள் சுத்தமாக இருக்கும். அவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது பாதி நேரம் கையுறை மட்டும்தான்.

உங்கள் கடிதம் அந்த வகையில் சேரவில்லை. நேரில் பார்க்காமல் முடிவு சொல்வது முறையல்ல என்றாலும், எதை நினைத்துக் கவலைப்படுகிறேன் என்பதை மறைக்கவும் மாட்டேன். 37 வயதில் தொடங்கியிருக்கிறது. விரல் நுனியில் ஆறாத புண். மோதிரம் வெட்டும் அளவுக்கு உப்பிய விரல்கள். நெஞ்செரிச்சல். அதோடு ஏஎன்ஏ பாசிட்டிவ், அதாவது உடம்பின் சொந்த அணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறது என்று காட்டும் பரிசோதனை. ஏஎன்ஏ மட்டும் தனியாக வந்திருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், எந்த நோயும் இல்லாதவர்களுக்கும் குறைந்த அளவில் அது பாசிட்டிவ் காட்டும். மற்ற நான்கோடு சேர்ந்து வரும்போது அதற்கு எடை கூடுகிறது. நம் நோய் எதிர்ப்புச் சக்தியே உடம்புக்கு எதிராகத் திரும்பும் நோய்கள் சில உண்டு. அவற்றில் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் ஸ்க்லெரோடெர்மா என்ற நோயில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரேனாட் வருகிறது. பலருக்கு அதுதான் முதல் அறிகுறி, மற்றவை வரப் பல வருடங்கள்கூட ஆகலாம். இதே இனத்தைச் சேர்ந்த லூபஸ் என்ற நோயிலும், பல நோய்களின் சாயல் கலந்து வரும் இன்னொரு வகையிலும் இப்படி வரலாம். எதுவாக இருந்தாலும் இது புற்றுநோய் அல்ல. நரம்புத் தளர்ச்சியும் அல்ல. அந்த ஊசியை இனிப் போட்டுக்கொள்வதில் காசுதான் விரயம்.

வீட்டிலேயே சில விஷயங்களைப் பாருங்கள். கைகூப்பிக் கும்பிடும்போது உள்ளங்கைகள் முழுதாக ஒட்டுகின்றனவா, நடுவில் இடைவெளி விழுகிறதா? விரலின் மேல்பக்கத் தோலை மற்ற கை விரல்களால் கிள்ளித் தூக்க முடிகிறதா? கவளம் தொண்டையில் இறங்கத் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறதா? முகத்திலோ உள்ளங்கையிலோ சிறு சிவப்புப் புள்ளிகள் உண்டா? மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, வறட்டு இருமல் இருக்கிறதா? பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளோடு இந்த வாரமே போக வேண்டும். மன்னார்குடி அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்கு நேராகப் போனாலும் சரி. 'விரல் வலி' என்று சீட்டு வாங்காதீர்கள், எலும்புப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். 'விரல் வெளுக்கிறது, நுனியில் புண், ஏஎன்ஏ பாசிட்டிவ்' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேற்கொண்டு ருமட்டாலஜி மருத்துவர், அதாவது மூட்டு நோய்களோடு இந்த வகை நோய்களையும் பார்ப்பவர், பார்க்க வேண்டும் என்றால் புதுச்சேரி ஜிப்மரில் கிளினிக்கல் இம்யூனாலஜி துறை இருக்கிறது, சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும் தனித்துறை உண்டு.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பயம் பாதி போகும். மணிக்கட்டில் இரண்டு நாடிகளையும் தொட்டுப் பார்ப்பார்கள், இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் எடுப்பார்கள். பிறகு நகக்கண். இதற்கு விலையுயர்ந்த கருவிதான் வேண்டும் என்பதில்லை. மோதிர விரல் நகத்தின் அடியில் தோலோரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தோல் டாக்டர் வைத்திருக்கும் கையடக்க உருப்பெருக்கியால் பார்த்தால் நுண்குழாய்கள் கண்ணுக்குத் தெரியும். ஆரோக்கியமான விரலில் அவை ஒல்லியாக, கொண்டை ஊசி வடிவில், ஒரே சீராக நிற்கும். ஸ்க்லெரோடெர்மா இருந்தால் சில குழாய்கள் தடித்து வீங்கியிருக்கும், சில இடங்களில் ரத்தம் கசிந்த பொட்டு தெரியும், சில இடங்களில் குழாயே இராது. எத்தனை ரத்தப் பரிசோதனை எடுத்தாலும் நகக்கண்ணைப் பார்க்காமல் அனுப்பினால், 'டாக்டர், நகக்கண்ணையும் ஒருமுறை பாருங்களேன்' என்று கேட்பதில் தவறில்லை. அதற்காகவே, போகிற வாரம் நகப்பூச்சு, மருதாணி வேண்டாம், நகக்கண் தோலைப் பிய்க்கவும் வேண்டாம்.

ரத்தத்தில் அணுக்கள், ஈஎஸ்ஆர், தைராய்டு, கிரியேட்டினின் பார்ப்பார்கள், சிறுநீரில் புரதம் பார்ப்பார்கள். ஏஎன்ஏ எந்த முறையில் எடுத்தது, எந்த அளவில் பாசிட்டிவ், என்ன மாதிரி என்பது முக்கியம். லேப் கொடுத்த முழுத் தாளையும் கொண்டுபோங்கள். அதன் பிறகு எஸ்சிஎல் 70, சென்ட்ரோமியர் என்ற குறிப்பான எதிர்ப்பொருள்களைத் தேடுவார்கள். நோய் எந்தப் பாதையில் போகும் என்பதை அவை ஓரளவு சொல்லும். ஸ்க்லெரோடெர்மா என்று உறுதியானால் நெஞ்சு ஸ்கேன், ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை, இதயத்துக்கு எக்கோ, இவையெல்லாம் அறிகுறி இல்லாவிட்டாலும் எடுக்க வேண்டும். நுரையீரல் சத்தமில்லாமல் கெடுகிற உறுப்பு. ரத்தம் 9.6 என்று சொன்னது ஹீமோகுளோபின் அளவு, அதுவும் சும்மா விடக்கூடியதல்ல. இரும்புச்சத்துக் குறைவா, வேறு காரணமா என்று பார்த்து மருந்து எடுக்க வேண்டும்.

சிகிச்சையில் முதல் மாத்திரை பெரும்பாலும் நிஃபெடிபின் அல்லது அம்லோடிபினாக இருக்கும். குழாயைத் தளர்த்தும் பிபி மாத்திரைகள் இவை. எத்தனை முறை வெளுக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்பதைக் கணிசமாகக் குறைக்கும், அடியோடு நிறுத்தாது. மாமியார் பிபிக்குப் போடுவதும் அம்லோடிபினாக இருக்கலாம். அதற்காக அவர் டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள், உங்களுக்கு அழுத்தம் ஏற்கெனவே குறைவாக இருந்தால் தலைசுற்றி விழுவீர்கள். கணுக்கால் வீங்கலாம், முகம் சூடேறலாம். நெஞ்செரிச்சலைக் கொஞ்சம் கூட்டவும் செய்யும் என்பதால் அதற்கும் சேர்த்து முறையான மருந்து வேண்டும். கேஸ் மாத்திரையை நினைத்தபோது போடுவது போதாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி இருக்கட்டும்.

இதில் அடங்காவிட்டால், புண் இருப்பவர்களுக்குப் பல நேரம் அடங்குவதில்லை, சில்டெனாஃபில் சேர்ப்பார்கள். சீட்டைப் பார்த்ததும் மெடிக்கலில் உங்களை ஒரு பார்வை பார்ப்பார்கள். ஆண்மைக் குறைவுக்கு விற்கும் அதே மருந்துதான். விரல் குழாயைத் திறக்கவும் அதுவே உதவுகிறது, கூச்சப்படாமல் வாங்குங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரைகளோடு மட்டும் அது சேரவே கூடாது. புதிதாகப் புண் வந்துகொண்டே இருந்தால் பொசென்டான் என்ற மாத்திரை தருவார்கள். விரல் கறுக்கும் நிலை வந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐலோப்ரோஸ்ட் வகை மருந்தை டிரிப்ஸில் ஏற்றுவார்கள்.

விரலை எடுக்க வேண்டி வருமா என்று கேட்டீர்கள். நுனிப் புண்ணுக்கு நேரத்தில் ரத்தமும் சுத்தமும் கிடைத்தால் பெரும்பாலும் விரல் தப்பிவிடும். மெதுவாகத்தான் ஆறும், மாதக்கணக்கில்கூட ஆகலாம். எலுமிச்சம்பழம், சுண்ணாம்பு, மஞ்சள் பற்று எதுவும் வேண்டாம். கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவி, டாக்டர் தரும் களிம்பு தடவி, ஒட்டாத துணி வைத்துக் கட்டுங்கள். மாவிலும் தண்ணீரிலும் அந்த விரல் படக்கூடாது. உள்ளே எலும்பு வரை போயிருக்கிறதா, தோலுக்கடியில் கால்சியம் படிந்த கட்டி இருக்கிறதா என்று ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். சீழ் வைத்தாலும், நுனி கறுத்தாலும், சூடேற்றிய பிறகும் நிறம் திரும்பாமல் வலி விடாமல் குத்தினாலும் மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, உங்களுக்குத் தலைவலி இருப்பதால் தனியாகச் சொல்கிறேன். விரல் வீக்கத்துக்கென்று யாராவது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் ருமட்டாலஜி டாக்டரைக் கேட்காமல் தொடராதீர்கள். ஸ்க்லெரோடெர்மாவில் ஸ்டீராய்டு அளவு கூடினால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகும் அபாயம் ஏறுகிறது. அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று உயர்ந்து, தலை வலித்து, கண் மங்கும். வழக்கமான ஒற்றைத் தலைவலிதான் என்று நீங்கள் படுத்துவிடுவீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் ஒருமுறையாவது அழுத்தம் பார்த்து எழுதி வையுங்கள், வழக்கத்துக்கு மாறான தலைவலி வந்தால் அன்றே பாருங்கள்.

கடையை மூட வேண்டாம். ஃபிரிட்ஜ் கதவை மட்டும் வேறு யாராவது திறக்கட்டும். அதற்கு ஆள் இல்லாத நேரத்தில் உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. மாவு கலக்க நீளக் கரண்டி, உப்புப் போட்டுக் கையால் கலந்தால்தான் பொங்கும் என்ற வாதத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கை மட்டும் சூடாக இருந்தால் போதாது. உடம்பு குளிர்ந்தாலும் விரல் மூடிக்கொள்ளும். மார்கழியில் ஸ்வெட்டரும் காதை மூடிய மப்ளரும் போட்டுக்கொண்டு வாசல் தெளிக்க வாருங்கள், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் கலந்து தெளியுங்கள். வெளுத்துவிட்டால் கையை அக்குளில் வைத்துக்கொள்ளலாம், வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம். கொதிக்கும் தண்ணீரிலோ அடுப்பு அனலிலோ காட்ட வேண்டாம், மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது. டிகிரி காபியை விடச் சொல்லி டெல்டாவில் எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும், அதற்கு வலுவான ஆதாரமும் இல்லை. குடித்ததும் விரல் வெளுத்தால் மட்டும் குறையுங்கள். புகையிலை விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது. வெற்றிலையோடு மடித்துப் போடும் புகையிலையும் குழாயை இறுக்கும், பக்கத்தில் இருப்பவர் விடும் பீடிப் புகையும் சேர்த்தி.

அதனால் உங்கள் வீட்டுக்காரருக்கு வருகிறேன். இது ஒட்டுவாரொட்டி இல்லை. அவருக்கு வருவது வேறு வழியில் வந்ததாகத் தோன்றுகிறது. பவர் டில்லர் கைப்பிடியின் அதிர்வு வருடக்கணக்கில் விரல்களில் இறங்கினால் நரம்பும் குழாயும் கெடும். முதலில் மரமரப்பு, பிறகு நுனி வெளுப்பு. தொடக்கத்திலேயே அதிர்வைக் குறைத்தால் பெரும்பாலும் மட்டுப்படும், முற்றினால் நிரந்தரமாகத் தங்கிவிடும். தளர்ந்த போல்ட்டுகளை முடுக்கி, கைப்பிடிக்குப் புது ரப்பர் உறை போடச் சொல்லுங்கள். இறுக்கிப் பிடிக்காமல், அரை மணிக்கு ஒருமுறை நிறுத்திக் கையை உதறட்டும். நாள் முழுக்க ஒருவரே ஓட்டாமல் ஆள் மாற்றிக்கொள்வது நல்லது. அவர் பீடி குடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. குடிப்பவராக இருந்து, கொஞ்ச தூரம் நடந்தாலே பாதமோ ஆடுசதையோ கவ்விப் பிடித்து வலிக்கிறது, கால் விரலில் புண் வந்தால் ஆறுவதில்லை என்றால் அது டில்லர் வேலையல்ல. 1908இல் லியோ பர்கர் விவரித்த, புகையிலையால் வரும் தமனி அடைப்பு நோயாக இருக்கலாம். அதில் பீடியை முழுதாக விட்டவர்களுக்குத்தான் கால் மிஞ்சுகிறது, நாளுக்கு ஒன்று இரண்டு என்று குறைப்பதில் பலனில்லை. நீங்கள் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய், இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சீட்டு போடுங்கள்.